மாடிப்படி: தூண் குறிக்கும் முன்பே போட வேண்டிய கணக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் முதன்முறையாக வீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கும் சமையலறைக்கும் பத்து முறை வரைபடத்தைத் திருத்துவார்கள். மாடிப்படி என்று வந்தால் மட்டும், மிச்சம் இருக்கும் மூலையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மேஸ்திரியும் அந்த மூலைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு படியை அடித்துக் கொடுத்துவிடுவார். அப்புறம் அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்களும் குழந்தைகளும் முப்பது நாற்பது வருஷம் அந்தச் செங்குத்துப் படியில்தான் ஏறி இறங்க வேண்டும். கதவை மாற்றலாம், சமையல் மேடையை இடித்துக் கட்டலாம். கான்கிரீட் படியை இடித்து வேறு அளவில் போடுவது என்பது அநேகமாக யாராலும் செய்ய முடியாத வேலை.

அதனால் தூண் குறிப்பதற்கு முன்பே படியின் கணக்கு கையில் இருக்க வேண்டும். விலையிலிருந்து தொடங்காமல் படிகளை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். எத்தனை படி, ஒவ்வொன்றும் என்ன அளவு என்று தெரிந்துவிட்டால் கான்கிரீட், கம்பி, கல், கைப்பிடி எல்லாவற்றின் அளவும் தானாக வந்துவிடும். விலையை அன்றைக்குக் கடையில் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். ரேட் மாதத்துக்கு மாதம் மாறும், அளவு மாறாது. அதனால் இங்கே அளவுகளைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

உள்ளேயா, வெளியேயா?

லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று எங்கே பார்த்தாலும் மாடியை வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. வாடகைக்கு என்றால் படி வெளியே, குடும்பத்துக்கு மட்டும் என்றால் உள்ளே என்பதுதான் வழக்கமான பேச்சு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். வீட்டின் முன்பக்க ஓரத்தில், கூரைக்கும் சுவருக்கும் உள்ளே படியை வையுங்கள். தெருப்பக்கம் ஒரு கதவு, ஹால் பக்கம் ஒரு கதவு. இன்றைக்குக் குடும்பம் முழுவதும் புழங்கலாம். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு மாடியை வாடகைக்கு விட வேண்டுமானால் ஹால் பக்கக் கதவைப் பூட்டினால் போதும். கூடுதல் செலவு ஒரு கதவும் நிலையும் மட்டுமே.

வெளியே திறந்த வெளியில் வைக்கிறீர்கள் என்றால் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடித்துப் பெய்யும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல்கள் நேராக இந்தக் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. வெளிப்படிக்கு வழுக்காத கல், ஒவ்வொரு படியிலும் வெளிப்பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம், மேலே ஏதாவது ஒரு மறைப்பு, இந்த மூன்றும் கட்டாயம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பக்கவாட்டில் சட்டப்படி விட வேண்டிய காலி இடத்தில் படியை இறக்கிவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். பிளான் அனுமதிக்கு எதிரானது என்று பின்னால் நோட்டீஸ் வந்தால் இடிப்பதைத் தவிர வழி இருக்காது. கடலூர் 2021-லிருந்து மாநகராட்சி. அங்கே தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பொருந்தும். புதுச்சேரியில் திட்டக் குழுமத்தின் விதிகள் தனி. எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும், வெளிப்படி அதற்குள் வரலாமா என்பதை உங்கள் மனையின் அளவைச் சொல்லி, வரைபடம் போடும் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உயரத்தை வகுப்பது

அளக்க வேண்டியது, கீழ்த்தளத்தின் முடிந்த தரையிலிருந்து மேல்தளத்தின் முடிந்த தரை வரை. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு கால் படும் மட்டத்தைத்தான் முடிந்த தரை என்கிறேன். இரண்டு தளத்திலும் தரைக்கான கனம் ஒரே அளவு என்றால், சுவர் உயரம் 10 அடி, தளம் 6 அங்குலம், ஆக 10 அடி 6 அங்குலம். அதாவது 126 அங்குலம். 

இதை 7-ஆல் வகுத்தால் 18. பதினெட்டு ஏற்றம் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் ஏறும் உயரத்தைத்தான் ஏற்றம் என்கிறேன்), ஒவ்வொன்றும் 7 அங்குலம். தளம் 5 அங்குலம்தான் என்றால் 125-ஐ 18-ஆல் வகுங்கள், ஏழுக்குக் கொஞ்சம் குறையும், அதுவும் நல்ல அளவுதான். எந்த எண் வந்தாலும் எல்லா ஏற்றமும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். முதல் இரண்டு படியிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொள்ளும். பிறகு கண் பார்க்காது. நடுவில் ஒரு படி அரை அங்குலம் மாறினாலும் அங்கேதான் தடுக்கும்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வீடுகளுக்குப் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மிகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. அங்குலத்தில் சுமார் ஏழரையும் பத்தும். இதோடு ஒரு பழைய சூத்திரத்தையும் வைத்துச் சரிபார்க்கலாம்: இரண்டு உயரமும் ஓர் அகலமும் சேர்ந்தால் 23½-லிருந்து 25 அங்குலத்துக்குள் வர வேண்டும். மனிதன் நடக்கும்போது எடுத்து வைக்கும் ஓர் எட்டின் நீளத்தை வைத்துப் போட்ட கணக்கு. 17-ஆம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்தவர் பிளோந்தெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்றால் 7 + 7 + 10 = 24. சரியாக இருக்கிறது.

வீட்டில் முட்டி வலிக்காரர்கள் இருந்தால் 20 ஏற்றமாக ஆக்குங்கள். 126-ஐ 20-ஆல் வகுத்தால் 6.3 அங்குலம். அகலத்தை 11 ஆக்கிவிட்டால் ஏறுவது வெகு சுலபம். இதற்கு நீளத்தில் ஒன்றேமுக்கால் அடிக்குள்தான் கூடுதலாகப் பிடிக்கும். இடம் இருந்தால் தயங்காமல் செய்யலாம்.

எவ்வளவு இடம்

நேராக ஒரே ஓட்டத்தில் ஏறும் படி பார்க்க அழகு. ஆனால் நீளம் அதிகம் பிடிக்கும். அதோடு பதினெட்டு ஏற்றத்தையும் ஒரே ஓட்டத்தில் வைக்க விதி இடம் தராது, ஆகவே அதிலும் நடுவில் ஒரு லேண்டிங், அதாவது நின்று திரும்பும் அளவுக்கு ஒரு சமதளம், வந்தாக வேண்டும். சுருள் படி இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் பீரோ ஏறாது, வயதானவர்கள் இறங்க மாட்டார்கள். மொட்டை மாடிக்கு இரண்டாவது வழியாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நம் ஊர் மனைகளுக்குப் பொருத்தமானது, பாதி ஏறி லேண்டிங்கில் திரும்பி மீதி ஏறும் படி. இன்ஜினியர்கள் டாக் லெக் என்பது இதைத்தான்.

அதற்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 18 ஏற்றத்தை 9, 9 என்று பிரிக்கிறோம். ஒன்பது ஏற்றத்துக்குக் கால் வைக்கும் படி எட்டு, ஏனென்றால் ஒன்பதாவது ஏற்றம் லேண்டிங்கிலேயே கொண்டுபோய் விட்டுவிடும். எட்டுப் படி, பத்து அங்குலம் என்றால் 80 அங்குலம், 6 அடி 8 அங்குலம். படிக்கட்டின் குறுக்கு அகலத்தை, அதாவது சுவரிலிருந்து கைப்பிடிப் பக்கம் வரை, 3 அடி 6 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். விதித் தொகுப்பு வீட்டுக்குக் கேட்பது ஒரு மீட்டர். கைப்பிடி போக அந்த ஒரு மீட்டர் மிஞ்ச வேண்டும். லேண்டிங்கும் அதே 3 அடி 6 அங்குலம். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் 4 அங்குல இடைவெளி. ஆக உள்ளளவு 7 அடி 4 அங்குலத்துக்கு 10 அடி 2 அங்குலம். இதற்கு முன்னால், கீழேயும் மேலேயும், ஆள் நின்று திரும்ப இன்னொரு மூன்று அடி.

இந்த அளவு வரைபடத்தில் அடங்கவில்லை என்றால் பலர் லேண்டிங்கை எடுத்துவிட்டு மூலையில் முக்கோணப் படிகளாகப் போடுவார்கள். வேண்டாம். உள்பக்கம் கால் வைக்கவே இடம் இருக்காது, விழுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் விழுவார்கள். அதைவிட ஹாலில் ஓர் அடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கீழே இறக்க வேண்டி வந்தால் லேண்டிங்கில் திரும்புமா என்று வரைபடத்தின்மேல் பென்சிலால் வரைந்து பாருங்கள். ஸ்ட்ரெச்சர் திரும்பினால் பீரோவுக்குக் கவலையில்லை.

படிக்கு அடியில் பாத்ரூம் வைத்துவிடலாம் என்பது எல்லோருக்கும் வரும் ஆசை. மேலே சொன்ன அளவில் லேண்டிங்கின் மேல்மட்டம் 5 அடி 3 அங்குலம். அதில் கான்கிரீட் கனம் போனால் அடியில் 5 அடிகூட இல்லை. இன்வெர்ட்டர், செருப்பு அலமாரி, அரிசி டிரம் வைக்கலாம், ஆள் நிற்க முடியாது. பாத்ரூம் வேண்டும் என்றால் முதல் ஓட்டத்தில் 13 ஏற்றம் போட்டு லேண்டிங்கை 7 அடி 7 அங்குலத்துக்கு உயர்த்த வேண்டும். அப்போது முதல் ஓட்டம் மட்டும் 10 அடி நீளம் பிடிக்கும். இதை முதலிலேயே முடிவு செய்யாமல், படி அடித்த பிறகு கீழே தரையைத் தோண்டி பாத்ரூம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் திரும்பி ஏறும்.

எந்தப் படியில் நின்றாலும் தலைக்கு மேல் குறைந்தது 7 அடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குறிப்பாக மேல்தளத்தின் பீம் குறுக்கே போகும் இடத்தில்.

ஒற்றைப்படைக் கேள்வி

லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டு வந்து லாபத்தில் முடிய வேண்டும், படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். இதற்காகக் கடைசி நேரத்தில் ஒரு படியைக் கூட்டியோ குறைத்தோ உயரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு ஓட்டத்தையும் சமமாகப் பிரித்தாலே ஒற்றைப்படைதான் வரும். மேலே உள்ள கணக்கில் 8 படி, ஒரு லேண்டிங், மறுபடி 8 படி, மொத்தம் 17. இருபது ஏற்றம் என்றால் 9, 1, 9 என்று 19. ஈசானிய மூலையில் படி கூடாது, ஏறும்போது வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பவற்றையும் வரைபடம் போடும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூண் எழுந்த பிறகு ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தால் செலவு தாங்காது.

உப்புக் காற்றுக்கு ஏற்ற கான்கிரீட்

தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ பத்துப் பதினைந்து வருஷம் ஆன வீடுகளின் படிக்கு அடியில் போய் நின்று மேலே பாருங்கள். பூச்சு பொரிந்து, துருப்பிடித்த கம்பி கோடு கோடாக வெளியே தெரியும் வீடுகள் கண்ணில் படும். கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கனம், அதாவது கவர், போதாமல் போனதுதான் பெரும்பாலும் காரணம்.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. கடலோரப் பகுதியில் உப்புக் காற்று நேராகப் படாமல் மறைவாக இருக்கும் கான்கிரீட்டுக்கு எம்25 (எம் என்பது கான்கிரீட்டின் வலிமை ரகம், எண் கூடினால் வலிமை கூடும்), கவர் 30 மி.மீ. நேராகப் படும் இடம் என்றால் எம்30, கவர் 45 மி.மீ. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் வழக்கமாக வைப்பது எம்20-ம் 20 மி.மீ. கவர் பிளாக்கும்தான் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை). உள்நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட்டுக்கு அது போதும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெளிப்படி போடுகிறவர்களுக்குப் போதாது. கவர் பிளாக்கை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். படி ஒன்றுக்கு ஆகும் மொத்தச் செலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை.

கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் போடுவதற்கு முன் இன்ஜினியரை வரவழைத்து ஓர் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாய்வுத் தளம் லேண்டிங்கைச் சந்திக்கும் உள்மடிப்பில், அடிப்பக்கக் கம்பியை அப்படியே வளைத்துக் கொண்டுபோயிருக்கக் கூடாது. பாரம் வரும்போது அந்த வளைவு நிமிரப் பார்த்து கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இரண்டு தனிக் கம்பிகளாக ஒன்றையொன்று குறுக்கே தாண்டவிட்டு, எதிர்ப்பக்கம் நீட்டிக் கட்டியிருக்க வேண்டும். படி உடைவதற்கு இந்த மூலை ஒரு பெரிய காரணம்.

நம் எடுத்துக்காட்டு அளவுக்கு, 5 அங்குலச் சாய்வுத் தளமும் கான்கிரீட் படிகளும் சேர்ந்து ஒரு தளத்துக்கு 50-லிருந்து 55 கனஅடி கான்கிரீட் வரும். கலவையைப் பொறுத்து 12-லிருந்து 17 மூட்டை சிமென்ட். கம்பி தோராயமாக 120-லிருந்து 150 கிலோ. சாய்வுத் தளத்தை மட்டும் கான்கிரீட்டில் போட்டு, மேலே படிகளைச் செங்கல்லில் கட்டினால் கான்கிரீட் குறையும், இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் படிக்கு அதில் தவறில்லை.

முட்டுக்குச் சவுக்குக் கழி நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். சாய்வுத் தளத்தின் அடியில் முட்டை வெறுமனே நிறுத்தினால் நழுவும், அடிப்பலகையில் ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். 14 நாளுக்கு முன் முட்டைப் பிரிக்கவிடாதீர்கள். தண்ணீர் விடுவது பத்து நாளுக்குக் குறையாமல். படியில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும், ஆகவே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்து அதன்மேல் விட வேண்டும்.

சுவரில் கோடு போட்டுப் பார்ப்பது

எனக்கு இந்த முழுக் கட்டுரையிலும் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். கான்கிரீட் போடும்போது எல்லா ஏற்றமும் 7 அங்குலம் என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தபின் எல்லாம் 7 அங்குலமாக இருக்காது.

கீழ்த்தரையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் ஏறப்போகிறது என்று வையுங்கள். படியின்மேல் கிரானைட்டும் கலவையும் சேர்ந்து ஒன்றரை அங்குலம்தான் ஏறும். அப்படியானால் முதல் படியின் உயரம் ஒன்றரை அங்குலம் குறைந்து 5½ ஆகிவிடும். மேலே கடைசி ஏற்றத்தில் இதற்கு நேர்மாறு, மேல்தளத் தரை 3 அங்குலம் ஏறுவதால் கடைசி ஏற்றம் 8½ ஆகிவிடும். நடுவில் பதினாறு ஏற்றமும் 7. முதலிலும் கடைசியிலும் தடுக்கும் வீடுகளின் ரகசியம் இதுதான். சரிசெய்ய வழி சுலபம்: கான்கிரீட்டில் முதல் ஏற்றத்தை 8½ அங்குலமாகவும் கடைசி ஏற்றத்தை 5½ அங்குலமாகவும் போடச் சொல்லுங்கள். கல் ஒட்டியதும் எல்லாம் ஏழாகிவிடும்.

இதை வாயால் சொன்னால் குழம்பும். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கும் முன் பக்கத்துச் சுவரில் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து, முடிந்த தரை மட்டத்தைக் கீழேயும் மேலேயும் குறித்துவிடுங்கள். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் 18 சமபாகம் குறித்து, ஒவ்வொரு படியையும் சாக்பீஸால் முழு அளவில் சுவரிலேயே வரையச் சொல்லுங்கள். அதற்குக் கீழே கல்லின் கனத்தைக் கழித்து இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோடுதான் கான்கிரீட். நல்ல மேஸ்திரிக்கு இது ஒரு மணி நேர வேலை. வரைந்த சுவரை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கல் ஒட்டுகிறவர் வரும்போது அதே படத்தைக் காட்டலாம்.

கீழும் மேலும் போட்டு அணைக்கும் டூவே சுவிட்சுக்கும் படி விளக்குக்கும் பைப்பை இந்தக் கட்டத்திலேயே பதித்துவிட வேண்டும்.

கல்

ஒரு படிக்குக் கல் கணக்கு இப்படி. கால் வைக்கும் பலகை, முன்னால் நீட்டும் மூக்கு ஓர் அங்குலம் சேர்த்து 11 அங்குலத்துக்கு 3½ அடி, கிட்டத்தட்ட 3.2 சதுரடி. முகப்புப் பட்டை 7 அங்குலத்துக்கு 3½ அடி, சுமார் 2 சதுரடி. பலகை 16, பட்டை 18, லேண்டிங் ஒன்று 26 சதுரடி. சுவரோர ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு 15. எல்லாம் சேர்த்து 130 சதுரடிக்கு வரும். வெட்டுச் சேதம் சேர்த்து 150 வாங்க வேண்டும்.

கடைக்குப் போனால் எல்லோரும் சதுரடி விலையைத்தான் பேரம் பேசுவார்கள். மோல்டிங்கை, அதாவது கல்லின் விளிம்பை உருட்டி இழைக்கும் வேலையை, கவனிக்க மாட்டார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பும், லேண்டிங், மேல்தள விளிம்பும் சேர்த்து 18 விளிம்பு, மூன்றரை அடி என்றால் 63 ரன்னிங் அடி. உதாரணத்துக்குக் கல் சதுரடி 130 ரூபாய், மோல்டிங் அடிக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கல் 19,500, மோல்டிங் 5,040. கல் விலையில் கால் பங்கு விளிம்புக்கே போகிறது. ஃபுல் ரவுண்ட் என்றால் அடியில் இன்னொரு பட்டை ஒட்டி இழைக்க வேண்டும், இன்னும் ஏறும். ஹாஃப் ரவுண்ட் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒவ்வொரு பலகையின் விளிம்போரமாக இரண்டு மூன்று கோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஈரக் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். முகப்புப் பட்டைக்கு வேறு நிறம் போட்டால் மங்கிய வெளிச்சத்திலும் பெரியவர்களுக்குப் படி தனித்தனியாகத் தெரியும்.

வெளிப்படிக்குப் பாலிஷ் கிரானைட் வேண்டவே வேண்டாம். சொரசொரப்பாக எரித்துத் தரும் ஃபிளேம் ஃபினிஷோ, லெதர் ஃபினிஷோ எடுங்கள். கடப்பா கல் மலிவுதான், ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் ஏடு ஏடாக உரியும்.

கைப்பிடி

நம் கரையோரத்தில் கைப்பிடிதான் முதலில் கிழடு தட்டும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் 202, 304, 316 என்று ரகங்கள் உண்டு. கடையில் எல்லாமே ஒரே மாதிரி பளபளக்கும். 202 இங்கே ஒரு மழைக்காலத்துக்குள் பழுப்புப் புள்ளி விட ஆரம்பித்துவிடும். உள்ளே 304 தாராளம், கடலைப் பார்த்த வெளிப்படிக்கு 316. காந்தம் வைத்துப் பார்த்து 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க முடியாது, இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாது. இதற்கென்று சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் மருந்து பைப் கடைகளில் இருக்கும். ஒரு துளி விட்டு நிறம் மாறுவதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பில்லில் ரகமும் கேஜும் எழுதி வாங்குங்கள். 18 கேஜ் என்றால் கனம் 1.2 மி.மீ., 16 என்றால் 1.6 மி.மீ., எடையில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்.

உயரம் ஒரு மீட்டர். குறுக்குக் கம்பிகளை ஏணி மாதிரி படுக்கையாக வைக்காதீர்கள், குழந்தைகள் ஏறுவார்கள். நேர்க்கம்பியாக, 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வையுங்கள். மேலே பிடிக்கும் கட்டை மட்டும் மரத்தில் வேண்டும் என்றால் தேக்கைத் தவிர, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் கேட்டுப் பாருங்கள். நன்றாக உலர்ந்த பலா கைக்கு இதமாக இருக்கும், வருஷம் ஆக ஆக நிறமும் கூடும். நம் கணக்குக்கு உள்பக்கம் இரண்டு சாய்வும் மேல்தளத் திறப்பும் சேர்த்து 25 ரன்னிங் அடி.

தாளில் எழுத வேண்டியவை

இதுவரை வந்த அளவுகளை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் விலைக்கு இடம் விட்டு, குறைந்தது மூன்று இடத்தில் கேட்டு நிரப்புங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் குறியுங்கள். சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதற்கு முந்தைய கொட்டேஷனை வைத்து யாரும் பேசக் கூடாது.

அதோடு, மறந்துபோகும் செலவுகளையும் எழுதுங்கள். சென்ட்ரிங் வாடகை, கல் ஒட்டும் கூலி (படிக்கு இவ்வளவா, சதுரடிக்கா), கல்லை மாடிக்கு ஏற்றும் கூலி, படிக்கு அடியில் பூச்சும் பெயின்டும், சாரம், மின்விளக்கு. இவற்றையெல்லாம் விடப் பெரியது மொட்டை மாடியின் ஹெட்ரூம். மாடிக்கு மேல் மாடி வரை படி போகிறது என்றால் அதை மூட நாலு சுவரும் ஒரு தளமும் ஒரு கதவும் வேண்டும். நூறு சதுரடிக்கு மேல் வரும். ஒப்பந்தக்காரர் அதை முழு ரேட்டில் சேர்த்திருக்கிறாரா, பாதி ரேட்டிலா, சேர்க்கவே இல்லையா என்பதை ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள். கூரையில்லாத வெளிப்படியைச் சதுரடிக் கணக்கில் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான சண்டை இந்த இரண்டில்தான் வருகிறது. ஒரு மாடி வீட்டுக்குப் படி இரண்டு என்பதையும் மறக்க வேண்டாம், முதல் மாடிக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று. இரண்டாவதற்குக் கிரானைட் தேவையில்லை, சொரசொரப்பான டைல்ஸோ சிமென்ட் பூச்சோ போதும்.

பணம் இடிக்கிறது என்றால் கல்லின் ரகம், மோல்டிங், கைப்பிடி டிசைன், இரண்டாவது படியின் மேல்பூச்சு, இவற்றில் கை வைக்கலாம். அகலம், உயரம், கான்கிரீட் ரகம், கவர், பைப்பின் ரகம், இவற்றில் கை வைக்கக் கூடாது. கைப்பிடியைக்கூட ஆறு மாதம் கழித்துப் போடலாம் என்று சிலர் தள்ளிவைப்பார்கள். அதுவரை சவுக்குக் கழியிலாவது ஒரு தடுப்புக் கட்டிவிடுங்கள். கட்டுமான நாளில் தலையில் சட்டியோடு ஏறும் சித்தாள்களுக்கும் அந்தத் தடுப்பு வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, வெளிப்படிக்குக் கான்கிரீட் போடுவதை அக்டோபருக்கு முன் முடித்துவிடுங்கள். கிரானைட்டை எல்லா வேலைக்கும் கடைசியில் வையுங்கள், முன்னாலேயே ஒட்டினால் பெயின்டரும் பிளம்பரும் விளிம்பைச் சில்லுச் சில்லாக உடைத்துவிடுவார்கள். ஒட்டிய பிறகு பலகையின்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசியோ, சாக்குப் போட்டோ மூடிவையுங்கள்.

கல் ஒட்டுகிறவருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன், டேப் எடுத்துக்கொண்டு கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு ஏற்றத்தையும் இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து எழுதுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும் படியைச் சாக்பீஸால் குறியிட்டு, எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பலகையை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை போகவில்லை, அதுவும் மறுபடி ஒட்ட வேண்டியதுதான். மிஞ்சிய கல்லில் இரண்டு முழுப் பலகையை எடுத்துப் படிக்கு அடியிலேயே வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று கடையில் கிடைக்காது.